ஷேட் கார்டும் ஐந்து நாள் வெளிச்சமும்

முதல் நாள், காஞ்சிபுரம்

கரூரில் 26 வருடமாகப் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வெளியூர் போனால் மூக்குக் கண்ணாடியை மறந்தாலும் மறப்பேன், பெயிண்ட் நிறங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஷேட் கார்டை மறக்க மாட்டேன். இந்தப் பயணத்துக்கும் அதைப் பையில் வைத்தபோது மனைவி முறைத்தாள். கொழுந்தியாள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், லீவு கிடைக்கவில்லை. “பெரியம்மா, நீங்களே எடுத்துவிடுங்கள். மயில் கழுத்து நிறம் மட்டும் தவறக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். பட்டு எடுத்து முடித்த பிறகு அப்படியே தஞ்சாவூர், செட்டிநாடு, இராமேசுவரம் என்று ஒரு சுற்று போய்வருவதாகத் திட்டம். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, வேலைக்கு இருக்கும் பையன்.

பட்டு விஷயத்தில் எங்களுக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 11 வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய கடையில் அரக்கு நிறம் என்று வாங்கி வந்த சேலையை வீட்டு முற்றத்தில் விரித்தோம். செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. மாற்றித் தர மாட்டேன் என்றார்கள். அங்கே நின்று சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. சுவரில் அடித்த பெயிண்டைக் காட்டி “கார்டில் இப்படி இல்லையே” என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதே பதிலைத்தானே சொல்கிறேன்!

குற்றம் விளக்குடையது. வெயிலில் வானவில்லின் எல்லா நிறமும் இடைவெளி விடாமல் இருக்கிறது. கடைகளில் எரியும் குழல் விளக்கில் சில நிறம் மேடாகவும் சில நிறம் பள்ளமாகவும் இருக்கும். சாயம் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. தன் மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பித் தருகிறது. கொடுத்ததிலேயே சிவப்பு குறைவு என்றால் அரக்கு எங்கே போய் அரக்கைக் கொண்டுவரும்? ஒரு விளக்கின் கீழ் அச்சாகப் பொருந்தும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கின் கீழ் முகம் திருப்பிக்கொள்வதும் இதனால்தான். பழைய சுவரில் ஓட்டையை அடைத்து ‘அதே’ பெயிண்டைத் தடவியவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

அதனால் இன்று என் மனைவி தயாராக வந்திருந்தாள். பிடித்த சேலையைக் கையில் எடுத்ததும் யாரிடமும் கேட்காமல் வாசலுக்கு நடந்தாள். விற்பனையாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் பின்னாலேயே வந்தார், அவருக்கு இது தினசரி நடப்பு. நேர் வெயில் படாத வடக்குப் பக்க நிழலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து நான்கு சேலைகளைத் தள்ளினாள். உள்ளே கடுகு மஞ்சளாக இருந்த ஒன்று வாசற்படி தாண்டியதும் பாசிப் பச்சைக்கு மாறியதை நானே பார்த்தேன். ஐந்தாவது தேறியது.

சாயங்காலம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். குழித்தறி. அறையில் ஒரே ஒரு சன்னல். மயில் கழுத்து எப்படி வருகிறது என்று கேட்டேன். “பாவு நீலம், ஊடு பச்சை. அவ்வளவுதான் ஐயா” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்று தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகே புரிந்தது. நீளவாக்கில் ஓடும் இழை நீலம், குறுக்கே ஓடும் இழை பச்சை. ஒவ்வோர் இழையும் வழுவழுப்பான சிறு உருளை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரும்போது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒரு வரிசை நம் பக்கம் மின்னும், மற்றது அடங்கிப் போகும். தலையை ஒரு சாண் நகர்த்தினால் ஆட்டம் மாறிவிடுகிறது. பருத்தியில் இதே இரண்டு நிறத்தைப் போட்டால் கலங்கிய ஒரு நடுநிறம்தான் பெரும்பாலும் மிஞ்சும். பருத்தி இழை முறுக்கிய நாடா மாதிரி இருப்பதால் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கிறது. பட்டு இழையின் குறுக்கு வெட்டு ஏறக்குறைய முக்கோணம். அதன் மேலிருக்கும் பசையைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்து நீக்கிவிடுகிறார்கள். எடையில் கால் பங்குவரை அதிலேயே போய்விடும், பளபளப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

மயிலுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் அநியாயம். அதன் கழுத்தில் நீலச் சாயம் ஒரு துளி கிடையாது. இறகுக்குள் இருக்கும் நிறமி பழுப்புதான். அந்த நிறமியே நுண்ணிய குச்சிகளாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளிகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று கூடி வலுக்கிறது. இறகைப் பொடியாக அரைத்தால் பழுப்புத் தூள்தான் கிடைக்கும். பாவும் ஊடும் போட்டு இதன் பக்கத்தில் வந்து நின்ற நெசவாளரைத்தான் நான் மெச்சுவேன்.

ஷேட் கார்டை எடுத்துச் சேலை மேல் வைத்தேன். எந்தக் கட்டமும் பொருந்தவில்லை. இரண்டு கட்டங்களைச் சேர்த்துப் பிடித்து ஆட்டினால் ஒருவேளை பொருந்தலாம்.

விடுதிக்குத் திரும்பியதும் கடையிலிருந்து போன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் படுக்கையறைக்குச் சந்தன நிறம் அடித்திருக்கிறார். பகலில் சுவர் பச்சையாகத் தெரிகிறதாம், இரவில் சரியாக இருக்கிறதாம். கலவை இயந்திரத்தில் எதையாவது மாற்றி அழுத்தினாயா என்று தம்பியைக் கடிந்துகொண்டேன். சத்தியமாக இல்லை அண்ணா என்றான். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், தஞ்சாவூர்

இரவு பஸ்ஸில் தூக்கமில்லை. பகல் முழுக்க விடுதியில் கிடந்துவிட்டு நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போனோம். ஆனி மாதத்துக் கல்தரை. செருப்பில்லாத காலுக்கு நான்கு மணி என்பதும் அவசரம்தான்.

மாலை வெயிலில் கோபுரம் பொன்னாகும் என்று கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நந்தி மண்டபத்துப் பக்கம் நின்று ஏமாந்து போகிறார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கிறது, முன்னால் நிற்பவருக்குக் கருத்த உருவம்தான் தெரியும். திருச்சுற்றில் நடந்து மேற்குப் பக்கம் போக வேண்டும். நாங்கள் வடமேற்கு மூலையில் ஒரு தூணடியில் உட்கார்ந்தோம். ஐந்து மணிக்குத் தவிட்டு நிறம். ஐந்தே முக்காலுக்குப் பழுத்த கோதுமை. ஆறு மணி தாண்டி சில நிமிடம் மட்டும், சுட்ட பானையின் உட்புறம் போல ஒரு சிவப்பு. கல் மாறவில்லை. சூரியன் தாழத் தாழ வெளிச்சம் கடந்து வரும் காற்றின் தடிமன் கூடுகிறது, நீலம் வழியிலேயே சிதறிப் போய்விடுகிறது. நம்மை வந்து சேர்வது வடிகட்டின மிச்சம். அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. உச்சி வெயிலில் மொழுமொழுவென்று தெரிந்த சுவரில் இப்போது ஒவ்வொரு உளிப்பள்ளமும் சின்ன நிழலை இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் தெரிய மேஸ்திரிகள் பக்கவாட்டில் விளக்குப் பிடிப்பார்கள். அதே உத்தி, 1010-ல் குடமுழுக்குக் கண்ட கட்டடத்தில்.

இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லாத வழிகாட்டி இல்லை. நாங்கள் பார்த்தபோது நிழல் தென்கிழக்குப் பக்கம் நீட்டிப் படுத்திருந்தது. அதில் நான்கு குடும்பங்கள் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தன.

எனக்கு அதிகம் பிடித்தது நந்தி. விமானமும் கருங்கல், நந்தியும் கருங்கல். ஒன்று தவிடு, மற்றது மை. வித்தியாசம் எண்ணெய். அபிசேக எண்ணெய் குடித்துக் குடித்து நந்தி கருத்திருக்கிறது. மூலவர் சிலைகளும் அப்படித்தான். காய்ந்த கல்லின் மேற்பரப்பு கோடிக்கணக்கான நுண்பள்ளங்கள். அவற்றில் பட்ட வெளிச்சம் நான்கு பக்கமும் சிதறி, கல்லின் சொந்த நிறத்தின் மேல் வெள்ளைப் பூச்சு மாதிரி ஒரு மங்கலைப் பரப்புகிறது. எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கிவிட்டால் மங்கல் விலகிப் போகிறது. உள்ளே நுழைந்த வெளிச்சத்துக்கும் எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் உள்ளிருந்து மோதி மறுபடி கல்லுக்கே திரும்ப வேண்டிய கதி. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கல் ஒரு வாய் விழுங்கும். முதல் மழையில் மண் கருப்பதும், நனைந்த வேட்டி கறைபட்டது போலத் தெரிவதும் இதே கணக்கு. எங்கள் கடையில், ஒரே எண் போட்ட நிறத்தைப் பளபளப்பில்லாத ‘மேட்’ பெயிண்டில் வாங்கினால் வெளுப்பாகவும் பளபளக்கும் ‘கிளாஸ்’ பெயிண்டில் வாங்கினால் அடர்த்தியாகவும் இருக்கிறது என்று சண்டைக்கு வருவார்கள். இனிமேல் நந்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம்.

இருட்டிய பிறகு தஞ்சாவூர் ஓவியம் செய்யும் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தோம். சுக்கான் மாவும் பசையும் குழைத்து மேடு கட்டி, அதன் மேல் தங்கத் தகடு ஒட்டுகிறார்கள். வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் அந்தத் தங்கம், எப்படிச் சொல்வது, ஜரிகைக் காகிதம் போல இருந்தது. ஒரு நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, “எல்லோரும் இதைக் கேட்க மாட்டார்கள்” என்றபடி ஏற்றினார். படம் விழித்துக்கொண்டது. தங்கம் விழுங்குவது நீலத்தை மட்டும். சிவப்பையும் மஞ்சளையும் அப்படியே திருப்பித் தந்துவிடும். அகல் சுடரில் நீலம் என்பதே சொற்பம். ஆக, தங்கத்துக்கு அங்கே இழப்பு ஏதும் இல்லை. கிருஷ்ணரின் நீல உடம்புதான் கருத்து இருட்டில் போயிற்று, அதனால் நகைகள் இன்னும் முன்னால் வந்தன. சுடர் ஆடும்போது மேடுகளில் மினுக்கம் ஓடியது. பூசையறைக்குப் பிறந்த படத்தை வரவேற்பறையில் மாட்டி மேலே ஸ்பாட் லைட் போடுவதில் எனக்கு இனி உடன்பாடு இல்லை.

மூன்றாம் நாள், ஆத்தங்குடி, கானாடுகாத்தான்

புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. அங்கிருந்து ஆட்டோ.

ஆத்தங்குடி கல் செய்வதைப் பெயிண்ட் கடைக்காரன் ஒருவன் இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தது வெட்கம்தான். அடியில் கண்ணாடிப் பலகை. அதன் மேல் தகர அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டும் மணலும் ஆக்சைடும் கலந்த நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன் மேல் சாந்து அப்பி, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். எடுக்கும்போது கண்ணாடி கழன்று வருகிறது. சூளை கிடையாது, மெருகு எண்ணெய் கிடையாது. கண்ணாடியின் வழுவழுப்பைக் கல் அப்படியே உருப்போட்டுக்கொள்கிறது, பளபளப்புக்குக் காரணம் அதுதான். புதிதாகக் கழன்ற கல்லின் முகத்தில் என் முகம் கலங்கலாகத் தெரிந்தது. பின்பக்கம் திருப்பினால் சாதாரணச் சிமெண்ட். “வீட்டில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், நடக்க நடக்க மெருகு ஏறும்” என்றார் அங்கிருந்த பெரியவர். மறுபடியும் எண்ணெய்.

மதியத்துக்கு முன்பு கானாடுகாத்தானில் பார்வையாளர்களை அனுமதிக்கும் ஒரு வீட்டுக்குள் போனோம். திண்ணை, முகப்பு, வளவு என்று அறைக்குப் பின் அறை. உள்ளே வெயில் எங்கிருந்தும் நேராக வருவதில்லை. முற்றத்தில் விழுந்து, தரையில் பட்டு, சுவரில் பட்டு, இரண்டு மூன்று கை மாறித்தான் நம்மிடம் வருகிறது. சுவர் சுண்ணாம்புதான், ஆனால் தொட்டால் பளிங்கு. சிப்பிச் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பல தடவை பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. நூறு வருடம் தாண்டியும் அது தூணின் நிழலைத் தண்ணீர் போலக் காட்டுகிறது. என் கடையில் இதற்கு நிகரான சரக்கு இல்லை என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. விலையைக் கேட்டால் யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

அந்த வீட்டில் நாங்கள் ஒரு மணி நேரம் அதிகம் தங்கியதற்குக் காரணம் ஒரு சன்னல். கிழக்குப் பக்கத்து அறையில், கதவுக்கு மேல் அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக நிறக் கண்ணாடி பதித்திருந்தார்கள். காலை வெயில் அதன் வழியாக வந்து எதிர்ச் சுவரிலும் தரையிலும் திட்டுத் திட்டாக விழுந்தது. தரையில் பச்சைப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். சிவப்புத் திட்டு மெதுவாக நகர்ந்து அந்தப் பூவின் மேல் ஏறியபோது பூ கறுத்துப் போனது. பச்சை என்பது சிவப்பை விழுங்கும் பரப்பு. சிவப்பை மட்டும் கொடுத்தால் திருப்பித் தர அதனிடம் ஒன்றும் இல்லை. ஷேட் கார்டை எடுத்து அந்தத் திட்டுக்குள் நீட்டினேன். சிவப்பு வரிசையும் ரோஜா வரிசையும் வெள்ளை வரிசையும் ஒரே நிறமாகிவிட்டன. கார்டின் மேல் சிவப்புப் பேனாவில் ஒரு வாடிக்கையாளரின் பாக்கித் தொகையைக் குறித்து வைத்திருந்தேன், அதைக் காணோம். வெளியே எடுத்தால் இருக்கிறது, உள்ளே நீட்டினால் இல்லை. காவலாளியின் பேத்தி, ஆறு வயது இருக்கும், இதைப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்த பச்சை ரப்பர் வளையலைச் சிவப்பிலும் பச்சையிலும் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே இருந்தது. “தாத்தா, இங்கே கறுப்பு வளையல்!” என்று எனக்குச் சொன்னது. தாத்தா என்று அழைக்கப்பட்டது இன்றுதான் முதல் முறை. பரவாயில்லை.

என் மனைவி வேறொன்றைக் கவனித்தாள். முற்றத்தில் ஒரு செம்பருத்திச் செடியும் துளசியும் தழைத்திருந்தன. அவற்றுக்கு அருகே இருந்த சுண்ணாம்புத் தூணின் அடிப்பாகம் மட்டும் இளம் பச்சையாக இருந்தது. பாசியோ என்று விரலால் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நான் நடுவே நின்றதும் தூண் வெள்ளையானது. இலையில் பட்ட வெயில் பச்சையாகத் துள்ளிப் பக்கத்துச் சுவரில் விழுந்திருக்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது வாத்தியார் வீட்டுப் படுக்கையறை ஞாபகம் வந்தது. தம்பிக்குப் போன் செய்தேன். சிக்னல் இல்லை.

நான்காம் நாள், வாலிநோக்கம்

தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் வந்து பையை வைத்துவிட்டு, வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களைப் பார்க்கப் போனோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை, ஆகவே இன்றைய குறிப்பு சிறியது.

உப்பளத்தில் வெயில் இரண்டு பக்கத்திலிருந்து அடிக்கிறது, மேலிருந்து ஒரு முறை, தரையிலிருந்து ஒரு முறை. தொப்பிக்கு இங்கே பாதி வேலைதான். குவியலிலிருந்து ஒரு கல்லுப்பை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடி போல இருந்தது, வெள்ளையே இல்லை. குவியல்தான் வெள்ளை. ஒவ்வொரு கல்லும் தன் முகங்களில் பட்ட வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்புகிறது. ஆயிரம் கல்லில் ஆயிரம் தடவை மோதியதும் எல்லா நிறமும் சமமாகச் சிதறி வெளியே வந்துவிடுகிறது. கோலமாவும் அப்படித்தான், அதனால்தான் தண்ணீர் பட்டால் கோலம் காணாமல் போகிறது. வெள்ளையடிக்கிறவர்களுக்கும் இது தெரியும். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு மெலிதாகச் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த பிறகு மூடிவிடும். இப்போதைய வெள்ளைப் பெயிண்ட் ஈரத்திலேயே மூடுவதற்குக் காரணம் அதிலிருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை அவ்வளவு பலமாக மடக்கித் திருப்பும் வெள்ளைப் பொடி எங்கள் தொழிலில் வேறில்லை. அதன் மூலப்பொருள்களில் ஒன்று மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் இல்மனைட் மணல். அது கன்னங்கரேல் என்று இருக்கும்.

சில பாத்திகளில் தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றது. உப்பு மிக முற்றிய நீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. மனைவி படமெடுத்தாள், போனில் நிறம் சரியாக விழவில்லை என்று அழித்துவிட்டாள்.

தலையில் உப்புக் கூடையுடன் வரிசையாகப் போன பெண்களில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர் எங்கள் கண்ணுக்கு ஒருவரும் இல்லை. ஓர் அம்மா நின்று, “வீட்டுக்குள் போனதும் அரை மணி நேரம் எதுவும் தெரியாது, அடுப்பைத் தடவித்தான் பற்ற வைப்பேன்” என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து என்றார். அதற்கு மேல் ஷேட் கார்டை வெளியே எடுக்கத் தோன்றவில்லை.

இரவு இராமநாதபுரத்தில் ஆளுக்கொரு போலராய்டு கண்ணாடி வாங்கினோம்.

ஐந்தாம் நாள், தனுஷ்கோடி

1921-ல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த 32 வயதுக்காரர் ஒருவர், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். கடல் நீலம் என்பது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லி, உலகமும் அதை ஏற்றிருந்த காலம். திருச்சிக்காரரான சி.வி. ராமன் கையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. நிக்கல் என்பது உலோகமில்லை, அதை வடிவமைத்தவரின் பெயர். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் செங்குத்திலிருந்து 53 டிகிரி அளவில் ஒரே தளத்தில் அதிரும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பிப் பிடித்தால் அந்த வெளிச்சம் மட்டும் தடைபட்டுவிடும். மேற்பரப்பின் மினுக்கத்தை அப்படி அவர் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடல் வெளுக்கவில்லை, நீலம் இன்னும் கூடியது. அப்படியானால் நீலம் தண்ணீருக்கு உள்ளிருந்து வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார். ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28-ம், 1930 நோபலும் இந்த வழியில் பின்னால் வந்தவை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை அவர் முதன்மைப்படுத்தினார். தண்ணீரே சிவப்பை விழுங்குகிறது என்பதும் இதில் பெரிய பங்கு என்று இன்று தெளிவாகியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத்தான் போலராய்டு கண்ணாடி, அந்தப் பட்டகத்தின் வேலையை இதுவும் செய்யும். அரிச்சல்முனைச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்கிறார்கள், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்கிறார்கள். ஆனிக் காற்றில் இன்று பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொண்டன. கண்ணாடி போட்டு ஆண் கடலைப் பார்த்தால் மேலே ஓடும் வெள்ளித் தகடு சுருட்டி எடுத்தது போல விலகி, அடியில் கெட்டியான நீலம். கழுத்தைச் சாய்த்துத் தலையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் வெள்ளி திரும்பி வந்துவிடும். நான் தலையை நிமிர்த்திச் சாய்த்து நிமிர்த்திச் சாய்த்து நின்றதில் பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். பெண் கடலில் அந்த நீலம் இல்லை. ஆழம் குறைவு, அடியில் கலங்கல், அதனால் பச்சை. ஷேட் கார்டை நீட்டினேன். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதற்குள் அலை நிறம் மாறிவிட்டது.

இடிந்த தேவாலயத்துக்கு அருகில் ஒரு கொட்டகையில் தேநீர் குடித்தோம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிற்கும் மிச்சச் சுவர்கள் பவழப்பாறைக் கல்லால் ஆனவை. அந்தச் சாம்பல் வெள்ளையைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. தேநீர் போட்டவர் முன்பு சங்கு குளித்தவர். கடலடியில் நிறம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “சிவப்பு இருக்காது ஐயா. சங்கு எடுக்கும்போது ஒரு தடவை கை கிழிந்துவிட்டது. இரத்தம் கரும்பச்சையாகப் புகைந்தது. மேலே வந்து பார்த்தால்தான் சிவப்பு” என்றார். சில மீட்டர் தண்ணீரே சிவப்பை மங்கவைத்துவிடும், இன்னும் ஆழம் போனால் மிச்சமே இருக்காது. கானாடுகாத்தான் சன்னலில் சிவப்பு மட்டும் இருந்தது, இவர் குளித்த இடத்தில் சிவப்பு மட்டும் இல்லை. பயமாக இருந்ததா என்று என் மனைவி கேட்டாள். “இல்லை அம்மா. அது என் இரத்தம் என்றே தோன்றவில்லை” என்றார்.

திரும்பும் ரயில் புதிய பாம்பன் பாலத்தின் மேல் மெதுவாகப் போனது. துருப்பிடிக்காமல் இருக்கப் பாலிசிலாக்சேன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கடல் காற்றுக்கு அது எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். வாத்தியார் கடைக்கே வந்து உட்கார்ந்திருக்கிறாராம், புதிதாக அடித்துத் தரச் சொல்கிறாராம்.

“சன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று கேள்” என்றேன்.

கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் வண்டி நிறுத்தப் பச்சை ஃபைபர் ஷீட் போட்டு ஒரு கொட்டகை எழுப்பியிருக்கிறார், சன்னலை ஒட்டி.

ஷீட்டின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கச் சொல், சந்தனம் வந்துவிடும் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் ஏதோ பேச்சு. பிறகு தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

“அண்ணா, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு இவர் பேசி நான்கு வருடம் ஆகிறதாம். போர்வையை நீங்கள் வந்துதான் போட வேண்டுமாம்.”